இருபத்தேழு கேள்விக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம்

கணபதி, கோயமுத்தூர்
மார்ச் 2, திங்கட்கிழமை

அன்பிற்குரிய மருமகள் இனியாவுக்கு, உன் அத்தை கிருபா எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். அங்கே உன் நலத்தைக் கேட்டு எழுதுவது முறை. ஆனால் நீ நெதர்லாந்திலிருந்து தினமும் ஸ்டேட்டஸில் வைக்கும் ரொட்டி, சைக்கிள், மழை என்ற மூன்று படங்களிலிருந்து அதை நானே தெரிந்துகொள்கிறேன். பவானியில் உன் அப்பாவும் அம்மாவும் சௌக்கியம். போன வாரம் உன் அப்பா போன் செய்தான். ‘நல்லா இருக்கறயாக்கா’ என்றான். ‘இருக்கறேன்’ என்றேன். ‘செரி’ என்றான். நம் குடும்பத்துக்கு அது நீளமான பேச்சுதான்.

ஆறு வாரமாக நீ ‘எப்படிப் போகுது அத்தை?’ என்று கேட்கிறாய், நான் ஆறு வாரமாகக் கட்டை விரல் படம் அனுப்புகிறேன். அந்தக் கட்டை விரல் பொய். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து என்னை உற்சாகப்படுத்திவிடுவாய். கடிதத்தில் யாரும் நடுவில் புக முடியாது, அதனால்தான் இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை நான் எழுதவேண்டிய ஜி.ஆர்.இ. தேர்வை எழுதப் போவதில்லை. நாளை சாயங்காலம் வரை ரத்து செய்யலாம் என்று போட்டிருக்கிறது. இதை முடித்துவிட்டு அதைச் செய்துவிடுவேன். நீ எனக்காகச் சொல்லிவைத்திருக்கும் அந்த மாடி அறையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்.

ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். இருபத்து மூன்று வருடம் கணக்கு நடத்தியவள், ஸ்டெப் போடாமல் விடை எழுதி எனக்குப் பழக்கமில்லை. யோசித்துப் பார்த்தால் வியாதியே அதுதான்.

போன அக்டோபரில் முதல் தடவை எழுதியபோது என்ன நடந்தது என்று உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. ‘கொஞ்சம் குறைந்துவிட்டது’ என்றேன். கணக்குப் பகுதியில் நூற்று எழுபதுக்கு நூற்று ஐம்பத்திரண்டு. நீ படிக்கும் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் முதுகலைக்கு அவர்கள் கேட்பது நூற்று அறுபது. இருபத்தேழு கேள்வியில் ஒன்பதை நான் தொடவே இல்லை. கடினமாக இருந்தன என்று நினைக்காதே. முதல் பகுதியில் ஒரு முக்கோணம் வந்தது. விடையைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனால் பார்த்தவுடனே தெரிகிற விடையை நான் நம்புவதில்லை. நிரூபித்தேன். நிரூபித்ததைச் சரிபார்த்தேன். தாளில் கோடு போட்டு அடியில் ‘ஆகவே’ என்று எழுதி நிமிர்ந்தால் ஐந்து நிமிடம் போயிருந்தது. கடைசியில் மிச்சமிருந்தவற்றுக்கு ஏதாவது ஒன்றை அமுக்கிவிட்டு வந்திருக்கலாம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்று தேர்வு விதியிலேயே இருந்தது. நான் அதை நம்பவில்லை. இந்த ஊரில் இத்தனை வருடம் பரீட்சை நடத்தியவளிடம் வந்து, தப்பு செய்தால் ஒன்றும் செய்ய மாட்டோம் என்று ஒருவன் சொன்னால், அவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் தோன்றும்.

மதிப்பெண்ணைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வீதியைத்தான் தாங்க முடியவில்லை. பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ்காரர் விசாரிக்க வந்ததிலிருந்து எங்கள் வீதிக்கே விஷயம் தெரியும். பக்கத்து வீட்டு மயிலாத்தாள் கதவருகே நின்று கேட்டார்.

‘ஏனுங்க டீச்சர், பாஸுங்களா?’

‘இதுல பாஸு ஃபெயிலெல்லாம் கெடையாதுங்க.’

அவர் கொஞ்சம் யோசித்தார். ‘அப்பிடின்னா ஃபெயிலுங்களா?’

அன்று சாயங்காலம் நான்கு பெண்கள் வந்தார்கள். நாற்காலி இருக்கத் தரையில் உட்கார்ந்தார்கள். காப்பி வேண்டாம் என்றார்கள். ஒருவரும் பேசவில்லை. அரைமணி நேரம் கழித்து, வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இழவு வீட்டிலிருந்து அப்படித்தான் போக வேண்டும். நூற்று ஐம்பத்திரண்டுக்கு முறைப்படி துக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள், இனியா.

அதனால்தான் இரண்டாம் தடவை யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். நீ அனுப்பிய திட்டத்தை அச்செடுத்துப் பின்னறைச் சுவரில் ஒட்டினேன். காலை நாலரைக்கு எழுந்து ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாதிரித் தேர்வு, தினமும் பிழைக் குறிப்பேடு. ஆக நாற்பத்தெட்டு நாள். நடுவில் காலேஜும் இருக்கிறது. கணிதத் துறைக்குப் பிள்ளைகள் சேரவில்லை என்று மூடிவிட்டு, இரண்டு வருடமாக என்னை அட்மிஷன் மேசையில் உட்கார வைத்திருப்பது உனக்குத் தெரியும். பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோருக்குப் போன் செய்து ‘எங்கள் விடுதியில் வைஃபை உண்டு’ என்று சொல்கிறேன். அதுவும் எனக்கு நம்பிக்கையில்லாத விஷயம்தான். எனக்கு ஆசை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஏதோ ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, இன்னொருவர் போர்டில் கணக்குப் போடுவதைப் பார்க்க வேண்டும். சாக்பீஸை வேறு ஒருவர் கையில் பார்த்து இருபத்தைந்து வருடமாகிறது.

தை ஐந்தாம் தேதி முதல் நாள். விடிகாலையில் எழுந்து, தூக்கம் போகட்டும் என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு படித்தேன். ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார் மயிலாத்தாள். கையில் தட்டு, தட்டில் பத்திரிகை, வெற்றிலை, பழம்.

‘ஏனுங்க டீச்சர், எங்க கொழுந்தனாரு பையனுக்குக் கல்யாணமுங்க. அந்தியூர்ல. வேன் சொல்லியிருக்குது. நீங்களும் வந்தாகோணும்.’

‘வர முடியாதுங்க. நாப்பத்தெட்டு நாளைக்கு நான் எங்கயும் வர முடியாது. காலைல நாலரைக்கு எந்திரிச்சு, ஒரு…’

இங்கே நிறுத்தினேன். ‘ஒரு பரீட்சைக்குப் படிக்கிறேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்துவிட்டது. மயிலாத்தாள் என் ஈரத் தலையைப் பார்த்தார். எரிகிற விளக்கைப் பார்த்தார். பின்னறைச் சுவரில் நாற்பத்தெட்டுக் கட்டம் போட்ட தாளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

‘சொல்லோண்டாமுங்க. வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காது.’

அவரே கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். நான் பொய் சொல்லவில்லை, இனியா. ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டேன், அவ்வளவுதான். மீதியை வீதியே எழுதிக்கொண்டது. கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்ள மட்டும் நிற்கிறவள் என்று உன் அப்பாவே என்னைக் கிண்டல் செய்வான். அப்படிப்பட்டவள் ஒரு மண்டல விரதக்காரி ஆகிவிட்டேன்.

மறுநாள் என் வாசலில் கோலம் இருந்தது. நான் போடவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மயிலாத்தாள் வீட்டிலிருந்து கோழிக்குழம்பு வரவில்லை. எட்டு வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் மூடி போட்ட தூக்கில் வருவது. ‘எதற்குங்க சிரமம்’ என்று எட்டு வருடமாகச் சொல்லிவந்தேன், இப்போது அந்தச் சிரமத்தை அவர் படவில்லை. மாகாளியம்மன் கோயிலில் மைக் செட் போடும் அருள்குமார் வந்து, ‘மேடம், உங்குளுக்கு எடஞ்சலா இருக்கக்கூடாதுன்னு கொழாய அந்தப் பக்கமாத் திருப்பிப்போட்டனுங்க’ என்றான். அந்தப் பக்கத்து வீதிக்காரர்கள் அவனிடம் சண்டைக்கு வந்தார்களாம். ‘எங்க வீதில ஒரு அம்மா விரதமிருக்குது, உங்க வீதில யாராச்சும் இருக்கறாங்களா?’ என்று கேட்டானாம். ஒருவருமில்லையாம்.

எதிர் வீட்டு ரம்ஜான் பீவி நோன்பு தொடங்கியதும் வந்தார். ‘நானும் நோம்பு, நீங்களும் நோம்பு. என்னத்துக்குன்னு நான் கேக்க மாட்டனுங்க. அல்லாகிட்ட துஆ மட்டும் கேக்கறேன்.’ தினமும் சாயங்காலம் கறி போடாத நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம் வந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அவருடைய சமையலறை ஜன்னல் என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. பகலில் அந்தப் பக்கம் நின்று முறுக்குத் தின்னும் உரிமை போய்விட்டது. ஒரு நாள் மறந்துபோய் வாயில் ஒன்றை வைத்துவிட்டேன், அவர் பார்த்துவிட்டார், பார்க்காதமாதிரி திரும்பிக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையை நினைத்து இரண்டு நாள் எனக்குக் கணக்கு ஓடவில்லை.

இவ்வளவு அமைதி கிடைத்தால் என்ன வேண்டுமானாலும் படிக்கலாம் என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாளைக்கு நான்கு தடவை என் கதவு தட்டப்படுகிறது என்று எவ்வளவு காலமாக அலுத்துக்கொண்டிருக்கிறேன். கறிவேப்பிலை இருக்குதுங்களா, கேஸ்காரன் வந்தானுங்களா, பையனுக்கு இந்தக் கணக்கு வரமாட்டீங்குது, சும்மாதானுங்க. கடைசியில் சொன்ன அந்த ‘சும்மாதானுங்க’தான் அதிகம் எரிச்சலூட்டியது. இரண்டாவது வாரத்திலிருந்து அதற்கெல்லாம் யாரும் கதவைத் தட்டவேயில்லை. தள்ளுவண்டிக் காய்க்காரர்கூட என் வீடு வந்ததும் குரலைக் குறைத்துக்கொண்டு, அடுத்த வீட்டு வாசலில் மறுபடி ஏற்றினார். வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் ஓடுவது கேட்டது. அது நின்றால் நின்றதும் கேட்டது. பால் பாக்கெட் எடுக்கப் போகிறவள் கேட்டருகே இரண்டு நிமிடம் சும்மா நின்றுவிட்டு வந்தேன். யாராவது தென்பட்டால் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்கள். கேட்டது கிடைத்தவளுக்குப் புகார் சொல்ல இடமில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

மதிப்பெண்? முதல் நாள் நூற்று ஐம்பத்திரண்டு, பதினான்காம் நாள் ஐம்பத்து மூன்று, இருபத்தெட்டாம் நாள் ஐம்பத்தொன்று. நீ சொன்னபடி ஒவ்வொரு தவறுக்கும் கேள்வி, விடை, காரணம், அடுத்த முறை என்று நான்கு கட்டம் போட்டு எழுதினேன். காரணம் என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பார். சந்தேகம், சந்தேகம், சந்தேகம், கூட்டல் பிழை, சந்தேகம். அந்தக் கூட்டல் பிழையைப் பார்க்கவே ஆறுதலாக இருந்தது.

முப்பத்து மூன்றாவது நாள் மயிலாத்தாள் வந்தார். ஒரு மாதத்தில் முதல் தடவை. டீச்சர் என்று கூப்பிடவில்லை.

‘அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. என்னத்துக்கு விரதம்னு நாங்க கேக்கல. ஆனா பொம்பளையாளு ஒண்டியா இருந்து ஒரு மண்டலம் இருந்தா என்னத்துக்கா இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?’

எனக்குத் தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. கொழுந்தனார் மகன் கல்யாணத்தில் ஒருவரைப் பார்த்தாராம். பேர் ஆறுச்சாமி. அந்தியூர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். சம்சாரம் தவறி நாலு வருசம். நம்ம சனந்தானாம், விசாரித்துவிட்டாராம். ‘விரதம் முடியறதுக்குள்ளயே வரன் வந்துபோச்சு பாருங்க. அம்மனுக்கு உங்களவிட அவசரம்.’ மறுக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் முப்பது நாள் கோலத்துக்கும் கஞ்சிக்கும் திருப்பிவைத்த ஒலிபெருக்கிக்கும் பதில் சொல்ல வேண்டும். நான் ‘இப்ப வேண்டாங்க, நாப்பத்தெட்டு முடியட்டும்…’ என்று இழுத்தேன். இன்னொரு பாதி வாக்கியம். ‘சும்மா பாத்துட்டுப் போகட்டுமுங்க’ என்று அவர் முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார்கள். எனக்கு மாதிரித் தேர்வு நேரம். ஆறுச்சாமி, அவருடைய தங்கை பாவாத்தாள், ஒரு முழம் மல்லிகை, ஒரு சீப்புப் பழம். பாவாத்தாள் என் வீட்டுச் சுவர்களை எண்ணுவதுபோலப் பார்த்தார். மயிலாத்தாள் தன் வீட்டிலிருந்தே காப்பி போட்டுக் கொண்டுவந்துவிட்டார். கால்மணி நேரம் போனதும், ‘சின்னஞ்சிறுசுங்களா என்ன, ரெண்டு பேரும் உள்ள போயி ஒரு பத்து நிமிசம் பேசிட்டு வாங்க’ என்று எங்களைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டார்.

பின்னறையில் மேசை, மடிக்கணினி, குறிப்பேடு, சுவரில் நாற்பத்தெட்டுக் கட்டம். ஆறுச்சாமி உட்காரவில்லை. உயரமான மனிதர், கழுத்து எப்போதும் மேலே பார்க்கும் பழக்கத்தில் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தது.

‘ஏனுங்க, ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. எனக்கு இதுல இஷ்டமில்லீங்க. தங்கச்சி தொந்தரவு தாங்காமத்தான் வந்தேன்.’

‘எனக்கும் இல்லீங்க.’

‘அப்பாடா’ என்று உட்கார்ந்தார். ‘உடனே வெளிய போனா நல்லா இருக்காதுங்க.’

‘இருக்காதுங்க.’

அவர் சுவரைப் பார்த்தார். ‘இதென்னுங்க, கட்டங்கட்டமா?’

ஐந்து வாரத்தில் முதல் முறையாக ஒரு வாக்கியத்தை முடித்தேன். ‘பரீட்சைங்க. வெளிநாட்டுல போயிப் படிக்கறதுக்கு. நூத்தி எழுபதுக்கு நூத்தி அறுபது வாங்கோணும், நூத்தி ஐம்பத்தி ஒண்ணுதான் வருது.’

அவர் சிரிக்கவில்லை. ‘எத்தன நேரமுங்க பரீட்சை?’

‘இந்தப் பகுதி இருபத்தாறு நிமிசம். பதினஞ்சு கேள்வி.’

‘எழுதுங்க. நான் மணி பாக்கறேன்.’ கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

என்ன செய்வது, எழுதினேன். மூன்றாவது கேள்வியில் வழக்கம்போல நிரூபணத்தில் இறங்கியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

‘ரெண்டு நிமிசமாச்சுங்க. எறங்குங்க.’

‘இன்னொரு ஸ்டெப்புதானுங்க.’

‘கம்பத்து மேல நின்னுட்டு யோசிக்கக்கூடாதுங்க. எறங்குங்க. அடுத்த கம்பம்.’

‘விடை தெரியாம எப்பிடிங்க எறங்கறது?’

‘தப்பாப் போட்டா மார்க்கப் புடுங்கறாங்களா?’

‘இல்லைன்னு போட்டிருக்குது.’

‘அப்பறமென்னுங்க. ஏதோ ஒண்ண அமுத்திப்போட்டு வாங்க.’

அமுத்தினேன். என் வாழ்நாளில் தெரியாமல் போட்ட முதல் விடை. அதற்குப் பிறகு அவர் ‘எறங்குங்க’ என்னும்போதெல்லாம் இறங்கினேன். பதினைந்துக்குப் பதிமூன்று சரி. நான் நம்பாமல் மறுபடி எண்ணினேன், அவரும் குனிந்து எண்ணினார், பதிமூன்றுதான். ‘பதிமூணுன்னா நல்லதுங்களா?’ என்றார். ‘நல்லதுங்க’ என்றேன். இருவருக்கும் எதற்கென்று தெரியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அது முன்னறையில் கேட்டிருக்கிறது.

பத்து நிமிடத்துக்கு உள்ளே போனவர்கள் அரைமணி நேரம் கழித்து, சிரித்த முகத்தோடு வெளியே வந்தால் ஒரு வீதி என்ன நினைக்கும் என்று நான் உனக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. பாவாத்தாள் மல்லிகையை என் தலையில் வைத்துவிட்டார். ‘யோசிச்சுச் சொல்றோமுங்க’ என்றார் ஆறுச்சாமி. அவருக்கும் வாக்கியத்தை முடிக்க வராது என்று அப்போது தெரிந்தது.

அதன்பிறகு மறுபடி நானும் ஃப்ரிட்ஜும்தான். போனில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு மணி வைத்துப் பார்த்தேன். மணியை அணைத்துவிட்டு நிரூபித்தேன். போனை அணைத்துவிடலாம், பின்னால் உட்கார்ந்திருக்கிற மனிதரை எப்படி அணைப்பது? ஐம்பத்தைந்து வந்தது, பிறகு ஐம்பத்து நான்கு. நேற்று ஞாயிறு. பதினொரு மணிக்கு மேசைமுன் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறக்காமலே ஒரு மணி வரை இருந்துவிட்டேன். கோழிக்குழம்பு வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது, என் வீட்டுக்கு வரவில்லை.

ஆக, கணக்கு இது. அறையில் இன்னொரு ஆள் இருந்தால் எனக்கு நூற்று அறுபது வரும், இல்லாவிட்டால் வராது. தேர்வறைக்குள் ஆளைக் கூட்டிப்போக முடியாது. எனவே வராது. இதில் நீ எந்த ஸ்டெப்பிலும் தவறு காட்ட முடியாது. இன்னொன்றும் யோசித்தேன். தன்னை நம்புவதற்கே பக்கத்தில் ஒருவர் தேவைப்படுகிறவள், ஒரே ஒரு ஆளைத் தெரிந்த நாட்டுக்குப் போய் என்ன செய்வாள்? அந்த ஒரே ஆளான உனக்கும் படிப்பிருக்கிறது, சைக்கிள் இருக்கிறது. மாடி அறையில் அத்தை இருக்கிறாளே என்று நீ தினமும் படியேறி வருவாய். கொஞ்ச நாளில் ‘சும்மாதான் அத்தை’ என்பாய். எனக்கு அது வேண்டியிருக்கும். அது எனக்கு வேண்டியிருக்கிறது என்பதே இந்த நாற்பத்து மூன்று நாளில்தான் தெரிந்தது, அதனால் உன்னிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

நாளை ரத்து செய்துவிடுகிறேன். சனிக்கிழமை நாற்பத்தெட்டாம் நாள் காலையில் மயிலாத்தாளிடம் போய், விரதமில்லை, வேண்டுதலில்லை, பரீட்சை, அதுவும் எழுதவில்லை என்று முழுதாகச் சொல்லிவிடுவேன். இனி எந்த வாக்கியத்தையும் பாதியில் விடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். துக்கம் கேட்க வந்தால் வரட்டும். நாற்காலியை எடுத்துப் போட்டுவிடுகிறேன், தரையில் உட்கார வேண்டாம்.

மழையில் சைக்கிள் ஓட்டாதே. ரொட்டியை மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. எனக்குக் கும்பிட ஒரு சாமியுமில்லை, ஆனால் இந்த வீதியின் கணக்கில் எனக்கு நாற்பத்து மூன்று நாள் புண்ணியம் சேர்ந்திருக்கும் போலிருக்கிறது. அத்தனையும் உனக்கு. நல்லா இரு கண்ணு.

உன் அத்தை,
கிருபா

பி.கு.: மார்ச் 7, சனி, மாலை. ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன்.

ரத்து செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. நான் எதையும் நிச்சயமாகச் சொல்கிறவளில்லை, மூடிவிட்டேன்.

இன்று காலை மயிலாத்தாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, போவதா வேண்டாமா என்று பிறகு பார்க்கலாம் என்று பையோடு வெளியே வந்தேன். அவர் என் கேட்டருகே பட்டுச் சேலையில், தேங்காய்த் தட்டோடு நின்றார்.

‘கோயிலுக்குத்தானுங்களே?’

‘அவினாசி ரோட்டுல ஒரு வேலைங்க. ரெண்டு மணி நேரமாகும்.’

‘விரதம் முடியற நாளு ஒண்டியாப் போகக்கூடாதுங்க. நானும் வாரேன்.’

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார். தேர்வு மையத்து வாசலில் காவலாளி கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இதென்ன இடம் என்று கேட்கவில்லை. உள்ளே நான்காவது கேள்வியில் நான் கோடு போட்டு ‘ஆகவே’ எழுதத் தொடங்கியபோது, தேங்காய் உடைக்கும்வரை அவர் ஒன்றும் சாப்பிட மாட்டார் என்பதும், அவர் சர்க்கரை நோயாளி என்பதும் நினைவுக்கு வந்தது. ‘எறங்குங்க’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். இறங்கினேன். இருபத்தேழுக்கும் விடை போட்டேன், அதில் நான்கு குத்துமதிப்பு. முடிந்தவுடனே திரையில் வந்தது. நூற்று அறுபத்திரண்டு.

வெளியே வந்தேன்.

‘முடிஞ்சுதுங்களா?’

‘முடிஞ்சுதுங்க.’

‘பலிச்சுதுங்களா?’

‘பலிச்சுதுங்க.’

‘எப்பங்க?’

‘செப்டம்பர்ல.’

‘அப்ப இந்த ஊட்டக் காலி பண்ணிப்போடுவீங்களா?’

‘பண்ணித்தானுங்க ஆகோணும்.’

ஒன்றுகூடப் பொய்யில்லை, பார். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘நம்ம வீதில நாலரைக்கு லைட்டு எரியறது உங்க ஊடு ஒண்ணுதானுங்க. அதப் பாத்துட்டுத்தான் நானும் எந்திரிச்சு வாசத் தெளிக்கறது’ என்றார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். பையைத் திறந்து வைத்திருந்த பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது மணி ஆறு. மைக் செட் தன் செலவு என்று அருள்குமார் சொல்லிவிட்டுப் போனான். எத்தனை பேருக்குப் பிரியாணி என்று ரம்ஜான் பீவி கேட்டுவிட்டுப் போனார். ஆறுச்சாமி போன் செய்தார். அவரும் அங்கே மறுக்கவில்லையாம், செப்டம்பர் வரை தங்கை வேறு இடம் பார்க்காமல் இருப்பாளாம். ‘மார்க்கு எத்தனைங்க?’ என்றார். சொன்னேன். ‘நூத்தி எழுபதுக்கு எட்டுதானுங்க கம்மி’ என்றார். பிறகும் கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. சாயங்காலம் தூக்கில் கோழிக்குழம்பு வந்துவிட்டது, சனிக்கிழமையாக இருந்தும். மயிலாத்தாள் போகும்போது ‘வாரேனுங்க’ என்று இரண்டு தடவை சொன்னார்.

மாடி அறையை யாருக்கும் கொடுக்க விடாதே. ஆகஸ்டில் லீவு கிடைக்குமா என்று பார். சற்றுமுன் பிழைக் குறிப்பேட்டில் கடைசிப் பக்கத்தை எழுதினேன். கேள்வி: எப்பங்க? விடை: செப்டம்பர். காரணம்: வாக்கியத்தை முடிக்கவில்லை. ‘அடுத்த முறை’ கட்டத்துக்கு என்ன எழுதுவதென்று இரண்டு நிமிடத்துக்கு மேல் யோசித்தும் தெரியவில்லை. காலியாக விடக்கூடாதல்லவா, அதனால் ‘இனியா வந்து சொல்வாள்’ என்று குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.